காலிப் படுக்கையின் விலை

ஆகஸ்ட் மழை. ஸ்வென்போர் துறைமுகத்தில்
நாலரை மணிப் படகு ஊதிவிட்டுப் போகிறது.
சமையலறை மேசையில் இரண்டு கப்பல்கள்,
வழவழத் தாளில்.
ஒன்றின்மேல் காப்பிக் கோப்பையை வைத்துவிட்டேன்.
வட்டக் கறை
சரியாக சிசிலியைச் சுற்றி விழுந்திருக்கிறது.

கறை பட்டது கொரல்லினா.
மூன்று பாய்மரம், முப்பத்தொரு அறை,
வலெட்டாவில் ஏற்றி கோட்டோரில் இறக்கும்.
மற்றது அஸ்தேரியா. பாயில்லை, பகட்டில்லை,
பிரேயஸ், மொனெம்வாசியா, ஹானியா,
திரும்பவும் பிரேயஸ்.
இரண்டும் அக்டோபர்.
பெரிய கப்பல் நுழைய முடியாத துறைகளுக்கெல்லாம்
தாங்கள் நுழைவோம் என்கின்றன இரண்டும்,
ஒல்லியாக இருப்பது தங்கள் ஒழுக்கம் என்பதுபோல.

பாய்களைப் பார்த்துத்தான் முதலில் மயங்கினேன்.
விடியற்காலைக் கோட்டோர் விரிகுடாவை
இரண்டு பக்கத்துக்கு அச்சடித்திருந்தார்கள்,
தண்ணீர் அசையவே இல்லை.
போடில் போன வருடம் அதில் போய்வந்தவள்.
"ஒன்பது நாளில் இரண்டே தடவை விரித்தார்கள்.
இரண்டு தடவையும் எங்களைச் சின்னப் படகில் இறக்கி
போட்டோ எடுக்கச் சொன்னார்கள்.
மற்றபடி டீசல்தான்."
போடில் பொய் சொல்லக்கூடியவள்.
ஆனால் காசு போன விஷயத்தில் சொல்லமாட்டாள்.

இருபத்தேழு வருடம் தீவுப் படகுக்குச்
சீட்டு விற்றவள் நான்.
'இன்று காற்று. படகு இல்லை' என்ற அட்டையைக்
கண்ணாடியில் மாட்டியவள்.
காற்றை நான்தான் கைப்பையில் போட்டுக்
கொண்டுவந்ததுபோலக் கத்தியிருக்கிறார்கள்,
கல்யாணத்துக்குப் போகிறவர்கள்,
கன்றுக்குட்டி விற்கப் போகிறவர்கள்,
ஒரு தடவை ஒரு பாதிரியார்.
ஆகவே படங்களை மூடிவிட்டுப்
பொடியெழுத்துக்குப் போனேன்.

பொடியெழுத்து இரண்டிலும் ஒரே பேச்சு:
காற்று கூடினால் துறை மாறும்.
கப்பல் தலைவர் சொல்வதே முடிவு.
பணம் திரும்பாது.
அதில் எனக்குச் சண்டையில்லை.
அக்டோபர் கடலிடம்
யார் கையெழுத்து வாங்க முடியும்?

சண்டை அடுத்த வரியில், அஸ்தேரியாவோடு.
'ஒற்றைப் பயணி: எழுபது சதவீதம் கூடுதல்.'

கூப்பிட்டேன்.
தெஸ்பினா என்று ஒரு குரல், தொண்டைக்கட்டோடு.
"எதற்கு அந்த எழுபது?"
"இரண்டாவது படுக்கைக்கு, மேடம்."
"அதில் யார் படுப்பார்கள்?"
"யாருமில்லை."
"காலையில் முட்டை கேட்குமா அது?"
கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும்.
பிறகு சிரித்தாள்,
சிரிப்பு இருமலாகி முடிந்தது.
விலை மட்டும் இறங்கவில்லை.

கொரல்லினாவில் அந்தக் கூடுதல் கிடையாது.
'உங்கள் வயதையொத்த ஒரு பெண்ணோடு இணைத்துவிடுவோம்.'
நினைத்துப் பார்த்தேன் அவளை.
லியோன்காரியோ, ப்ரெமன்காரியோ,
என் அலாரத்துக்கு முன்பே எழுபவள்.
மாத்திரை டப்பாவை மேசை நடுவில் வைப்பவள்.
ஜன்னலோரப் படுக்கையை
"உங்களுக்கு ஒன்றுமில்லையே" என்று
உட்கார்ந்துவிட்டுக் கேட்பவள்.
நல்லவளாகவும் இருக்கலாம்.
நல்லவளாக இருந்துவிட்டால் இன்னும் கஷ்டம்,
ஒன்பது நாளும்
நானும் நல்லவளாக இருந்தாக வேண்டும்.

தம்பி எஸ்பென் கணக்குப் போட்டுக் காட்டினான்.
மிச்சப் பணத்தில் கூரைக்கு ஓடு மாற்றலாமாம்.
மாற்றலாம்தான்.
பதினோரு வருடமாக ஒழுகும் கூரை,
எங்கே வாளி வைப்பதென்று
இருட்டிலும் எனக்குத் தெரியும்.

ராத்திரி முன்பணம் அனுப்பிவிட்டேன்.
அஸ்தேரியா. அறை நூற்றுப் பதினேழு.

ஒரு படுக்கையில் நான்.
மற்றதில் ஈரக் கோட்டு, பூட்ஸ்,
மடிப்பு மாறி மடித்த வரைபடம்,
ஹானியா சந்தையில் வாங்கிப்
பாதி உதிர்த்த மாதுளை.
காற்றடித்து ஹானியா வராமலே போகலாம்.
வேறு கரையில் வேறு மாதுளை இருக்கும்.
வெள்ளை விரிப்பில் சாறு பட்டால் படட்டும்.
எழுபது சதவீதம் கட்டியிருக்கிறேன்.